எரிமலையின் வாசலில் 28 ஆண்டுகள்: தாமஸ் ஜாகரின் கதை

1902ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி, கரீபியக் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவுக்கு அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் நிவாரணப் பொருள்களோடு சில அறிவியலாளர்களும் இருந்தனர். அவர்களில் ஒருவர் தாமஸ் அகஸ்டஸ் ஜாகர். வயது 31. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்துக்கொண்டிருந்தவர்.

அவர்கள் பார்க்க வந்த செயிண்ட் பியர் நகரம் அங்கே இல்லை. சுவர்கள் மட்டும் பாதி உயரத்தில் நின்றன. தெருக்கள் சாம்பலில் புதைந்திருந்தன. 13 நாட்களுக்கு முன்பு, மே 8ஆம் தேதி காலை, நகரத்தின் தலைக்கு மேல் இருந்த மோன் பெலே எரிமலை வெடித்தது. சூடான வாயுவும் சாம்பலும் கலந்த ஒரு மேகம் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கி, ஓரிரு நிமிடங்களில் ஊரையே எரித்துவிட்டது. இறந்தவர்கள் ஏறக்குறைய 28,000 பேர். நகரத்துக்குள் உயிர் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் கைதி. தடித்த கற்சுவர் கொண்ட சிறை அறையே அவரைக் காப்பாற்றியது.

இதில் மனத்தை அதிகம் வருத்தும் செய்தி வேறொன்று. மலை சொல்லாமல் வெடிக்கவில்லை. பல நாட்களாகவே சாம்பல் பொழிந்தது. கந்தக நெடி மூக்கைத் துளைத்தது. மே 5ஆம் தேதி கொதிக்கும் சேறு வழிந்து ஒரு சர்க்கரை ஆலையை மூடி, அங்கிருந்தவர்களைப் பலி கொண்டது. ஆனாலும் ஊர் காலியாகவில்லை. மே 11இல் தேர்தல் வேறு இருந்தது. அச்சப்பட ஒன்றுமில்லை என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. நகரத்துக்கு வந்து தங்கியிருந்த தீவின் ஆளுநரும் மக்களோடு மக்களாக மாண்டார்.

அந்த இடிபாடுகளுக்கு நடுவே நடந்த ஜாகர் ஒன்றை உணர்ந்தார். அறிவியலாளர்கள் எப்போதும் எல்லாம் முடிந்த பிறகே வந்து சேர்கிறார்கள். சாம்பலை அள்ளிக் குப்பியில் போட்டுக்கொள்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், திரும்பிப் போய்க் கட்டுரை எழுதுகிறார்கள். மலை கொதிக்கத் தொடங்கிய நாளில் அதன் அருகே யாருமே இருப்பதில்லை. அவருடைய எஞ்சிய 50 ஆண்டு வாழ்க்கை இந்த ஒரு குறையைச் சரிசெய்வதில் கழிந்தது.

ஆயர் வீட்டுப் பிள்ளை

ஜாகர் பிறந்தது 1871 ஜனவரி 24, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில். தந்தை கிறிஸ்துவ சபையில் ஆயர் பொறுப்பு வகித்தவர். மகனுக்கோ மலை, பறவை, பாறை என்று வெளியில் சுற்றுவதில்தான் நாட்டம். சிறுவயதில் குடும்பத்தோடு ஐரோப்பா சென்றபோது தந்தையுடன் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை மீது ஏறினார். எரிமலையோடு அவருக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் அதுதான்.

ஹார்வர்டில் படித்தார். ஜெர்மனியிலும் சில காலம் பயின்றார். 1897இல் முனைவர் பட்டம் பெற்றார். மண்ணையும் தண்ணீரையும் வைத்து ஆய்வுக்கூடத்திலேயே ஆறுகளையும் வெந்நீர் ஊற்றுகளையும் சிறு அளவில் செய்து பார்ப்பது அவருக்கு மிகவும் பிடித்த வேலை. இயற்கையைக் கருவி கொண்டு அளக்கலாம், சோதித்துப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் வளர்ந்தது. மார்ட்டினிக் போகாமல் இருந்திருந்தால் நல்ல பேராசிரியராகப் பணி ஓய்வு பெற்றிருப்பார். அவ்வளவுதான்.

மார்ட்டினிக்குப் பிறகு அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. 1906இல் வெசுவியஸ் வெடித்தபோது அங்கே ஓடினார். 1907இல் அலாஸ்காவை ஒட்டிய அலூஷன் தீவுகளுக்கு ஆய்வுப் பயணம் போனார். 1908 டிசம்பர் 28ஆம் தேதி இத்தாலியின் மெசீனா நகரை நிலநடுக்கமும் கடல் அலையும் அழித்தன. 75,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குள் அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிலவியல் துறைத் தலைவராகியிருந்தார். எரிமலைகளுக்கும் நிலநடுக்கப் பகுதிகளுக்கும் அருகிலேயே நிரந்தரக் கண்காணிப்பு நிலையங்கள் வேண்டும் என்று போகும் இடமெல்லாம் பேசத் தொடங்கினார். மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே இருக்க வேண்டும், இறந்த பிறகு வந்து என்ன பயன் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

வெசுவியஸ் மீது 1841 முதலே ஒரு நிலையம் இருந்தது. ஜப்பானில் ஃபுசாகிச்சி ஒமோரி என்ற அறிஞர் நில அதிர்வுக் கருவிகளைச் செய்து எரிமலைகளைக் கண்காணித்து வந்தார். 1909இல் ஜாகர் ஹவாயிக்கும் ஜப்பானுக்கும் பயணம் செய்தார். எந்த மலையருகே குடியேறுவது என்ற கேள்விக்கு அந்தப் பயணத்தில் விடை கிடைத்தது.

கிலாவேயா

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் ஹவாயித் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவு ஐந்து எரிமலைகளால் ஆனது. அவற்றில் மௌனா லோவா 4,169 மீட்டர் உயரம். அதன் தோளில் சாய்ந்தாற்போல் இருக்கும் கிலாவேயாவின் உயரம் 1,247 மீட்டர் மட்டுமே. ஆனால் துடிப்பு அதிகம். அதன் உச்சியில் ஹலேமௌமௌ என்ற குழி. அந்தக் காலத்தில் அந்தக் குழிக்குள் எரிமலைக் குழம்பு ஏரிபோல் தேங்கிக் கிடந்தது, இரவில் வானமே சிவக்கும். ஹவாயி மக்களுக்கு அது பெலே என்ற தெய்வத்தின் வீடு. மார்ட்டினிக் மலையின் பெயரும் பெலே என்று ஒலிப்பது தற்செயல். பிரெஞ்சு மொழியில் அதற்கு மொட்டை மலை என்று பொருள்.

ஜாகர் இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கிலாவேயா அடிக்கடி கொதிக்கும், ஆனால் மோன் பெலேயைப் போல் திடீரென்று வெடித்து ஆளைக் கொல்வது அரிது. பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம். படிப்பதற்கு ஏற்ற மலை.

பணம் இரண்டு வழியில் வந்தது. விட்னி குடும்பத்தின் சொத்திலிருந்து அவருடைய கல்வி நிலையத்துக்கு 25,000 டாலர் நன்கொடை கிடைத்தது. மற்றொரு வழி லாரின் தர்ஸ்டன். ஹொனலூலுவில் பத்திரிகை நடத்திய வழக்கறிஞர், தொழிலதிபர். எரிமலை ஓரத்து விடுதியோடும் சுற்றுலாத் தொழிலோடும் தொடர்புடையவர். 1893இல் ஹவாயியின் அரசி லிலியுஓகலானியைப் பதவியிலிருந்து இறக்கிய கூட்டத்தின் முன்னணியில் நின்றவரும் இவரே. ஹவாயி மக்களின் நாட்டைப் பறித்ததில் பங்குள்ள ஒருவர், அவர்களின் மலையைக் காக்கும் அறிவியலுக்கும் பணம் திரட்டினார். வரலாறு பல நேரங்களில் இப்படிச் சிக்கலாகத்தான் இருக்கிறது. 1911இல் ஹொனலூலு வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து எரிமலை ஆய்வுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். இனி எந்த நகரமும் அழியக்கூடாது, புதையக்கூடாது என்ற பொருள்படும் லத்தீன் வரியைத் தங்கள் குறிக்கோளாக வைத்துக்கொண்டார்கள். செயிண்ட் பியரின் நிழல் அதில் தெரிகிறது.

1911 கோடையில் ஃபிராங்க் பெரட் என்ற எரிமலை அறிஞரும் இன்னொரு வேதியியலாளரும் முதலில் வந்து, குழியின் குறுக்கே கம்பி கட்டி, அதில் வெப்பமானியைத் தொங்கவிட்டுக் குழம்பின் வெப்பத்தை அளந்தார்கள். ஏறக்குறைய 1,000 பாகை செல்சியஸ் இருந்தது. 1912 ஜனவரியில் ஜாகர் வந்து பொறுப்பேற்றார்.

பிப்ரவரியில் குழி தோண்டும் வேலை தொடங்கியது. கிலாவேயாவின் விளிம்பில், விடுதிக்கு அருகே, பழைய சாம்பல் அடுக்குகளைத் தோண்டி ஒரு நிலவறை கட்டப்பட்டது. மண்வெட்டி பிடித்தவர்கள் அரசு அனுப்பிய சிறைக் கைதிகள். மார்ட்டினிக்கில் ஒரு கைதியைக் கல்லறை போன்ற அறை காப்பாற்றியது, இங்கே கைதிகள் கட்டிய அறை பின்னால் ஒரு தீவையே காக்க உதவியது. அந்த அறையில்தான் நில அதிர்வுக் கருவிகள் வைக்கப்பட்டன. ஒமோரி வடிவமைத்த வகைக் கருவிகள் அவை. மேலே மரத்தால் ஆன சிறு ஆய்வுக் கட்டடம். அதுவே ஹவாயி எரிமலை ஆய்வு நிலையம்.

மலையின் நாடி

கருவி வேலை செய்யும் விதம் எளிது. கனமான ஓர் எடை ஊசல்போல் தொங்கும். நிலம் அசைந்தாலும் அந்த எடை அசையாமல் நிற்கப் பார்க்கும். அந்த வேறுபாட்டை நீண்ட நெம்புகோல் ஒன்று பெரிதாக்கி, கரி படிந்த தாள் சுற்றிய உருளையின் மேல் கீறும். கறுப்புத் தாளில் வெள்ளைக் கோடு. நிலம் அமைதியாக இருந்தால் கோடு நேராகப் போகும். அதிர்ந்தால் கோடு பற்களாகும். நாள்தோறும் தாளை மாற்ற வேண்டும், கோடு அழியாமல் பூச்சு பூச வேண்டும், நேரம் குறிக்க வேண்டும். ஒருநாள் விட்டாலும் அந்த நாள் போனது போனதுதான்.

இதே கருவி இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. ஊசலின் ஊசி நாள்கணக்கில் மெல்ல ஒரு பக்கமாக விலகியது. காரணம் தேடியபோது, நிலமே சாய்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. அடியில் குழம்பு சேரும்போது மலை உப்புகிறது, வடியும்போது தாழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. இட்லிப் பானையில் ஆவி கூடும்போது மூடி லேசாக எழும்புமே, அப்படி. உலகமெங்கும் இன்று எரிமலைகளைக் கண்காணிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த இரண்டைத்தான். நிலம் எத்தனை முறை அதிர்ந்தது, எவ்வளவு சாய்ந்தது.

கருவியை மட்டும் நம்பி அறைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை ஜாகர். 1917இல் குழம்பு ஏரி உயர்ந்து, அதன் கரைவரை நடந்து போகக்கூடிய நிலை வந்தது. ஜாகரும் உதவியாளர்களும் நீண்ட இரும்புக் குழாய்களை ஏரிக்குள் செருகினார்கள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு வெப்பம் என்று அளந்தார்கள். அடிகாண முடியாத ஆழம் என்று பலரும் நினைத்திருந்த அந்த ஏரியின் ஆழம் ஏறக்குறைய 14 மீட்டர்தான் என்று தெரிய வந்தது. முகத்தைச் சுட்டெரிக்கும் அனலில், காலடியில் எந்த நேரமும் உடையக்கூடிய ஓட்டின்மேல் நின்று செய்த வேலை.

இதற்குள் அவருடைய சொந்த வாழ்க்கையும் மாறியிருந்தது. 1903இல் செய்துகொண்ட முதல் திருமணம் மணமுறிவில் முடிந்தது. இரண்டு பிள்ளைகள். 1917இல் இசபெல் மேட்வெல் என்பவரை மணந்தார். ஆய்வு நிலையத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் இசபெல். எரிமலை விளிம்பில் ஒரு சிறு வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். அதிர்வுப் பதிவுகளைப் படிப்பது, எழுத்து வேலை, கள வேலை என்று எல்லாவற்றிலும் இசபெல் பங்கெடுத்தார். ஜாகரின் பெயர் வரும் இடங்களில் இசபெல்லின் பெயர் அவ்வளவாக வருவதில்லை. வந்திருக்க வேண்டும்.

பணத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. நிலையம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1919இல் அமெரிக்க வானிலைத் துறை, 1924இல் நிலவியல் ஆய்வுத் துறை, 1935இல் தேசியப் பூங்காத் துறை. பெருமந்தக் காலத்தில் நிதி வெட்டப்பட்டு ஆட்கள் குறைந்தார்கள். எரிமலை அமைதியாக இருக்கும் ஆண்டுகளில், இதற்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். கண்காணிப்பு வேலைக்கே உள்ள சாபம் இது. எதுவும் நடக்காத நாள்களின் பதிவுதான் ஏதோ நடக்கப் போகும் நாளை அடையாளம் காட்டும். ஆனால் அந்த வெற்று நாள்களுக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஜாகர் கட்டுரை எழுதினார், கூட்டங்களில் பேசினார், மாநிலம் விட்டு மாநிலம் போய்ப் பணம் கேட்டார்.

யாரும் கேட்காத எச்சரிக்கை

1923 பிப்ரவரி 3. நிலவறையின் தாளில் பெரிய பற்கள் விழுந்திருந்தன. அதிர்வின் முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரத்தைக் கணக்கிட்டால், நிலநடுக்கம் எவ்வளவு தொலைவில் நடந்தது என்று சொல்லிவிடலாம். இது உள்ளூர் அதிர்வு இல்லை என்று ஜாகருக்குப் புரிந்தது. ரஷ்யாவின் கம்சட்கா கரைக்கு அப்பால் கடலடியில் நடந்த பெரும் நிலநடுக்கம் அது. பாறைக்குள் ஓடும் அதிர்வு சில நிமிடங்களில் ஹவாயிக்கு வந்துவிடும். கடல் வழியே வரும் அலைக்கோ பல மணி நேரம் ஆகும். இடையில் கிடைக்கும் அந்த நேரம்தான் உயிர்களின் விலை.

ஹீலோ துறைமுக அதிகாரிக்கு ஜாகர் தகவல் சொன்னார். பேரலை வரக்கூடும் என்றார். அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. மலையைப் பார்க்க வந்தவர் கடலைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? அலை வந்தது. படகுகள் நொறுங்கின. ஒரு மீனவர் உயிரிழந்தார்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1933 மார்ச் தொடக்கத்தில் ஜப்பானின் சன்ரிக்கு கரைக்கு அப்பால் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே எழுந்த அலையில் சுமார் 3,000 பேர் மாண்டனர். கிலாவேயாவின் கருவி அதைப் பதிவு செய்தது. நிலையத்திலிருந்து மீண்டும் எச்சரிக்கை போனது. இந்த முறை கேட்டார்கள். படகுகளை அப்புறப்படுத்தினார்கள், கரையோரத்தவர்கள் விலகினார்கள். ஹவாயியின் மேற்குக் கரையில் 3 மீட்டர் அளவுக்கு நீர் ஏறியது. ஒருவர்கூட இறக்கவில்லை.

ஒரே மனிதர், ஒரே நிலவறை, ஒரே கணக்கு. முதல் முறை ஓர் உயிர் போனது, இரண்டாம் முறை போகவில்லை. 2004 டிசம்பரில் சுமத்ரா கரைக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது பினாங்கிலும் கெடாவிலும் கடற்கரையில் இருந்தவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது.

ஏரி வடிந்த ஆண்டு

ஜாகர் காலத்தில் கிலாவேயா தன் சாதுவான முகத்தை ஒருமுறை மாற்றிக்கொண்டது. 1924 பிப்ரவரியில் குழம்பு ஏரி திடீரென்று வடிந்து மறைந்தது. ஏப்ரலில் தீவின் கிழக்கு மூலையில் கப்போஹோ பகுதியில் நிலம் நடுங்கி வெடித்துப் பிளந்தது. அடியில் இருந்த குழம்பு கிழக்கு நோக்கி நகர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. மே இரண்டாம் வாரத்தில் ஹலேமௌமௌ வெடிக்கத் தொடங்கியது. குழம்பு வடிந்த பாதைக்குள் நிலத்தடி நீர் புகுந்து நீராவியாகி வெடித்தது என்பது அந்தக் காலத்து விளக்கம். இரண்டு வாரத்துக்கும் மேலாகச் சாம்பலும் பாறையும் பறந்தன. பல டன் எடையுள்ள பாறைகள் பனங்காய் போல் வந்து விழுந்தன. வெடிப்பு ஓய்ந்தபோது குழியின் அகலம் இரு மடங்காகிக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டரை எட்டியிருந்தது.

மே 18ஆம் தேதி நடந்த பெரிய வெடிப்பில் ஒருவர் உயிரிழந்தார். சர்க்கரைத் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதிய கிராணி அவர். படம் எடுக்கும் ஆசையில் குழிக்கு மிக அருகே போயிருந்தார். விழுந்த பாறை அவரைத் தாக்கியது.

நிலையம் அந்த நாள்களில் ஒவ்வோர் அதிர்வையும், ஒவ்வொரு வெடிப்பையும் நேரத்தோடு எழுதி வைத்தது. ஏரி வடிந்தது, கிழக்கே நிலம் நடுங்கியது, உச்சியில் வெடித்தது என்ற வரிசை பதிவேட்டில் ஏறியது. அதன் பயன் என்ன என்று அப்போது யாருக்கும் முழுதாகத் தெரிந்திருக்க முடியாது.

1926 ஏப்ரலில் மௌனா லோவாவிலிருந்து இறங்கிய குழம்பு கடற்கரைக் கிராமமான ஹூபுலோவாவை நோக்கி வந்தது. ஜாகர் நேரில் போய்க் கண்காணித்தார். ஏப்ரல் 18ஆம் தேதி குழம்பு கிராமத்தை மூடிக் கடலில் கலந்தது. வீடுகள் போயின. ஆள்கள் முன்னரே வெளியேறியிருந்தார்கள்.

வானிலிருந்து வீசிய குண்டுகள்

ஜாகரின் வாழ்க்கையில் அதிகம் விவாதிக்கப்படும் செயல் 1935இல் நடந்தது. நவம்பர் 21ஆம் தேதி மௌனா லோவா வெடித்தது. டிசம்பரில் அதன் குழம்பு ஹீலோ நகரத்தின் திசையில் திரும்பி, நகரத்துக்குக் குடிநீர் தரும் வைலுக்கு ஆற்றின் தலைப்பகுதியை நெருங்கியது. நாளுக்கு ஒரு மைல் கணக்கில் வந்தது. ஜாகர் ராணுவத்தின் உதவியைக் கேட்டார். குழம்பு ஓடும் கால்வாய்களின் மேல் குண்டு வீசி உடைத்தால், அது பக்கவாட்டில் வழிந்து முன்னேறும் வேகம் குறையும் என்பது அவர் திட்டம்.

டிசம்பர் 27ஆம் தேதி ராணுவ விமானங்கள் தலா 600 பவுண்டு எடையுள்ள 20 குண்டுகளை வீசின. ஓட்டம் மெல்லத் தளர்ந்தது. 1936 ஜனவரி 2ஆம் தேதி நின்றுவிட்டது. ஜாகர் இதைத் தம் வெற்றியாகவே கருதினார். பின்னால் வந்த நிலவியலாளர்கள் பலரும் அப்படி நினைக்கவில்லை. எரிமலையே தணிந்துகொண்டிருந்த நேரம் அது, குண்டு வீசாவிட்டாலும் நின்றிருக்கும் என்பது அவர்கள் கருத்து. விமானத்திலிருந்து அன்று அதை நேரில் பார்த்த நிலவியலாளரே சந்தேகப்பட்டார். பெலேயின் உடலைக் காயப்படுத்தலாமா என்ற மனவருத்தம் ஹவாயி மக்களிடம் இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் ஜாகர் தம் கருவிகள் சொன்னதைவிடத் தம் விருப்பத்தை அதிகம் நம்பிவிட்டார் என்றே தோன்றுகிறது. ஆனால் அவரை அதற்குத் தள்ளியது எது என்பதும் புரிகிறது. கண் முன்னே இன்னொரு நகரம் மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

புதுமை செய்வதில் அவருக்கு இருந்த ஆர்வத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. பாதை இல்லாத கடற்கரைகளுக்குப் போய் எரிமலைகளை ஆராய, நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிகளை 1920களின் இறுதியில் உருவாக்கினார். ஒன்றுக்கு மணல் நண்டு என்றும் இன்னொன்றுக்குக் கடலாமை என்றும் ஹவாயி மொழியில் பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் அதே வகை வண்டிகள் படைகளைக் கரையிறக்கின.

ஓய்வுக்குப் பின்

1940இல், 69 வயதில், ஜாகர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். எரிமலை விளிம்பு வீட்டை விட்டு இசபெல்லுடன் ஹொனலூலுவுக்குப் போனார். ஹவாயிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். எழுதிக்கொண்டே இருந்தார்.

1946 ஏப்ரல் 1. நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில் அலூஷன் தீவுகளுக்கு அருகே கடலடி நிலநடுக்கம். ஐந்து மணி நேரம் கழித்துக் காலையில் ஹீலோவில் அலை ஏறியது. அந்த ஐந்து மணி நேரத்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இரவில் கருவியின் அருகே ஆள் வைத்துப் பார்த்து உடனே சொல்லும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அலை வருகிறது என்று ஓடிவந்து சொன்னவர்களையும் முட்டாள்கள் தினக் கேலி என்று பலர் நம்பவில்லை. ஹவாயித் தீவுகளில் 159 பேர் இறந்தனர். 1923இலும் 1933இலும் தனி ஒருவரின் அக்கறையாக இருந்தது, நிரந்தர ஏற்பாடாக மாறாமலே போயிருந்தது. அப்போது ஜாகருக்கு வயது 75. இந்தப் பேரழிவுக்குப் பிறகே, 1949இல், பசிபிக் பகுதிக்கான சுனாமி எச்சரிக்கை மையம் ஹவாயியில் தொடங்கப்பட்டது. நில அதிர்வைக் கண்டு கடலலையை முன்னறிவது என்ற அதே கணக்கின் மேல்தான் அதுவும் நின்றது.

1953 ஜனவரி 17ஆம் தேதி ஹொனலூலுவில் ஜாகர் காலமானார். தம் அனுபவங்களை அவர் எழுதி வைத்த நூல் 1956இல் வெளிவந்தது.

அவர் எழுதி வைத்த பதிவேடுகள் 2018இல் மீண்டும் பேசின. ஏப்ரல் இறுதியில் கிலாவேயாவின் கிழக்குச் சரிவில் ஒரு குழியின் தரை இடிந்து விழுந்தது. அதிர்வுகள் கிழக்கே நகர்ந்தன. உச்சியில் ஹலேமௌமௌவின் குழம்பு ஏரி வடியத் தொடங்கியது. 1924இன் அதே வரிசை. கீழே குடியிருப்புகளில் நிலம் பிளக்கலாம், உச்சியில் வெடிப்புகள் நேரலாம் என்று ஆய்வு நிலையம் எச்சரித்தது. மே 3ஆம் தேதி ஒரு குடியிருப்பின் நடுவே நிலம் பிளந்து குழம்பு பீறிட்டது. ஆகஸ்ட் வரை நீடித்த அந்தப் பெருக்கில் சுமார் 700 வீடுகள் அழிந்தன. குழம்பினால் இறந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த மூன்று மாத அதிர்வுகளில் ஆய்வு நிலையத்தின் கட்டடமும், அதன் பக்கத்தில் 1987இல் திறக்கப்பட்ட ஜாகர் அருங்காட்சியகமும் விரிசல் விட்டுப் பயன்படாமல் போயின. நிலையம் இப்போது ஹீலோ நகரத்திலிருந்து இயங்குகிறது. 2024 டிசம்பர் 23ஆம் தேதி ஹலேமௌமௌவில் குழம்பு மறுபடியும் ஊற்றாக எழுந்தபோது அதைப் பதிவு செய்ததும் இந்த நிலையமே. கைதிகள் தோண்டிய 1912ஆம் ஆண்டு நிலவறை மட்டும், பழைய விடுதிக்கு அருகே ஒரு புல்மேட்டின் அடியில், இன்னும் இருக்கிறது.